ஸ்பெஷல் டீமின் தகப்பன்

என் அக்காவின் கணவர் வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள்தான் தோற்றார்கள்.

மொன்றியலில் நாங்கள் ஒரே கட்டடத்தில் மேல் வீடும் கீழ் வீடுமாக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் எங்கள் குசினி மேசையில் முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். நாலு பேர், இரண்டு சோடி. வென்றால் அத்தான் சீட்டுகளை விசிறிபோல விரித்துக் காட்டி, "நான் கேட்ட கேள்வியைப் பாத்தனீரே?" என்று தன் ஏலத்தைத் தானே மெச்சுவார். தோற்றால் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு சோடியாக இருந்தவரை ஆறுதலாகப் பார்த்து, "நீர் ஏன் காணும் அந்த நேரம் துரும்பை இறக்கினீர்?" என்பார். என் மனுசன் ஒரு மாரிகாலம் முழுக்க அவருக்குச் சோடியாக இருந்தார். பனி கரையத் தொடங்கியதும், "எனக்குச் சீட்டு அலுத்துப்போச்சு" என்று சொல்லி எழும்பிவிட்டார். அவருக்குச் சீட்டு அலுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தொலைக்காட்சியில் ஹொக்கி போனாலும் இதே கதைதான். உள்ளூர் அணி கோல் போட்டால் "அடிச்சிட்டம்" என்பார். வாங்கினால் "விட்டிட்டாங்கள்" என்பார். ஒரே ஆட்டத்தில் ஐந்தாறு தரம் அணிக்குள்ளே போய் வெளியே வருவார். அவர் சுப்பவைசராக இருந்த தையல் தொழிற்சாலைக்குப் பெரிய ஓடர் வந்தபோது அது "எங்கட கொம்பனி". அது இழுத்து மூடப்பட்ட அன்று, "உவங்களுக்கு நடத்தத் தெரியாதெண்டு நான் எப்பவோ சொன்னனான்" என்று சொல்லிக்கொண்டு படியேறி வந்தார்.

ஆள் பார்வைக்குக் குறைசொல்ல முடியாது. உயரம், நரைத்தும் அடர்த்தி குறையாத தலைமயிர், எப்போதும் அயர்ன் பண்ணிய சேட். எந்தக் கொண்டாட்டத்திலும் படம் எடுக்கிறவர் கமெராவைத் தூக்கும்போது மற்றவர்கள் நகர்ந்து இடம் தேடுவார்கள். அத்தான் நகரமாட்டார். நடுவில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார்.

அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கு எங்காவது கண்டாலும் அப்படித்தான் கூப்பிடுவேன். மரியாதை வாய்க்குப் பழகிப்போன ஒன்று. மனதுக்குள் என்ன கிடந்தாலும் வாய் தன்பாட்டில் "வாங்கோ அத்தான், இருங்கோ" என்று சொல்லிவிடும்.

அவருக்கு ஒரே ஒரு பிள்ளை, நிரூபன். அவன் ஃபுட்போல் விளையாடப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் அங்கே இருந்தேன். இந்த ஊரில் ஃபுட்போல் என்றால் காலால் உதைத்துக் கோல் போடுகிற விளையாட்டு இல்லை. தலையில் ஹெல்மெட்டும் தோளில் கவசமும் போட்டுக்கொண்டு, பந்தைக் கையில் அணைத்தபடி ஓடுகிறவனை மற்றவர்கள் மோதி விழுத்துகிற விளையாட்டு. பள்ளிக்கூடத்தில் பெற்றோரின் சம்மதம் கேட்டார்கள்.

"டொக்டராக்கக் கூட்டிக்கொண்டு வந்தன். உவன் மாடு முட்டப் போறானாம்," என்றார் அத்தான். "எனக்கும் உதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாளைக்கு முறிஞ்சுபோய் வந்தால் என்னட்டை வரக்கூடாது."

சம்மதம் கொடுத்தது அக்கா. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையலறையில் அவளுக்கு வேலை. அவனுடைய காலைப் பயிற்சிகளுக்காகப் பின்னேர வேலைக்கு மாறிக்கொண்டாள். இருட்டோடு எழும்பி, அவனுக்கு முட்டையும் பாணும் கட்டி, பஸ் மாறி மைதானத்துக்குக் கூட்டிப் போவாள். அவன் ஓடி முடிக்கும்வரை வேலிக்கு வெளியே கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள். ஆட்டங்களுக்கு நானும் போவேன். ஒரு போத்தல் பிளேன்டீயோடு இரண்டு பேரும் இரும்பு வாங்கில் விறைத்துப்போய் இருப்போம். முதல் வருடம் முழுக்கப் பந்து எந்தப் பக்கம் போனால் எங்களுக்கு நல்லது என்பதே தெரியாது. நிரூபன்தான் குசினி மேசையில் உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் நிறுத்தி வைத்துச் சொல்லித்தந்தான். முன்வரிசைக்குப் பின்னால் நின்று, பந்தோடு வருகிறவனைப் பாய்ந்து பிடிக்கிறவன் லைன்பேக்கர். அதுதான் அவனுடைய இடம்.

"அப்பா ஒருநாள் வருவாரோ?" என்று அவன் கேட்டால் அக்கா, "அவருக்கு வேலையடா" என்பாள். வேறு நாட்களில் "தடிமனும் காய்ச்சலும்" என்பாள். இன்னொரு நாள், பஸ் தவறிவிட்டது என்பாள். தொழிற்சாலை மூடி அவர் வீட்டில் இருந்த காலத்திலும் அவருக்கு வேலை இருந்தது.

பல்கலைக்கழக அணியில் விளையாடினான். அங்கிருந்து மேற்குப் பக்கத்து மாகாணம் ஒன்றின் தொழில்முறை அணி கூப்பிட்டது. அந்த இரண்டு வருடமும் யாராவது விசாரித்தால் அத்தான், "வெஸ்ரில ஏதோ வேலை பாக்கிறான்" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார். பிறகு அந்த அணி அவனை விட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு மாரிகாலம் தனியாக ஓடிப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் இந்த நகரத்து அணி அவனை எடுத்தது.

செய்தியில் ஒரே ஒரு வரி வந்தது. மாற்று ஆளாக ஒரு லைன்பேக்கரை அணி ஒப்பந்தம் செய்திருக்கிறது, அவருக்கு ஸ்பெஷல் டீம்ஸ் அனுபவம் உண்டு. அவ்வளவுதான். பெயரைக்கூடப் பிழையாக எழுதியிருந்தார்கள்.

ஸ்பெஷல் டீம்ஸ் என்பது பந்தை உதைக்கும் நேரங்களில் மட்டும் இறங்குகிற கூட்டம். மைதானத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு முழு வேகத்தில் ஓடி, எதிரே அதே வேகத்தில் வருகிறவர்களோடு மோதவேண்டும். முதல் ஆட்டக்காரர்களைக் காயத்துக்குக் கொடுக்க ஒரு அணிக்கும் மனம் வராது. அதனால் ஆட்டத்தில் இறங்காமல் வாங்கில் இருக்கிறவர்களைத்தான் பெரும்பாலும் அதற்கு இறக்குவார்கள். நிரூபன் எங்களுக்கு இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தான். "இது பெரிய இடம் இல்லை சின்னம்மா. ஆனா எனக்கு இருக்கிற இடம் இதுதான். இதை நல்லாச் செய்தால் வைச்சிருப்பாங்கள்."

அத்தான் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கப் போன் பண்ணினார்.

"எங்களை ஸ்பெஷல் டீமுக்கு எடுத்திருக்கிறாங்கள். ஓம், ஓம். மற்றவங்கள் நோர்மல் டீம். இது ஸ்பெஷல்."

வில்லரேயில் ஒரு மண்டபம் பிடித்து வரவேற்பு வைத்தார். வடை, ரோல்ஸ், ஒலிவாங்கி, பூமாலை. பொன்னாடையை அவரே போய் வாங்கி, போர்த்துவதற்கு ஒரு பெரியவரையும் ஒழுங்குபண்ணியிருந்தார். அந்தப் பெரியவர் பொன்னாடையை விரித்துக்கொண்டு நிரூபனை நோக்கி வர, அத்தான் இடையில் நின்று தலையைக் குனிந்தார். பாவம் அந்த மனிதர் என்ன செய்வார், போர்த்திவிட்டார். சபை கைதட்டியது. பொன்னாடையோடேயே அத்தான் ஒலிவாங்கிக்கு முன் போனார்.

"பனியிலயும் குளிரிலயும் விடியமுன்னம் எழும்பி, இவனை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். அந்தப் பலனைத்தான் இண்டைக்கு நீங்கள் பாக்கிறியள்."

அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். மடியில் ஒரு தட்டு இருந்தது. அதில் இருந்த வடையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை. மேடையில் நிரூபன் குனிந்து, "அப்பா, ஸ்பெஷல் டீம்ஸ் எண்டால் அது இல்லை, அது வந்து" என்று தொடங்கினான். அத்தான் அவன் தோளில் தட்டிவிட்டுச் சபையைப் பார்த்து, "பொடியனுக்குத் தன்னடக்கம் கூட," என்றார். திரும்பவும் கைதட்டினார்கள்.

காரில் வரும்போது நான் பொறுக்காமல், "அக்கா, நீ ஒண்டும் சொல்லமாட்டியா?" என்று கேட்டேன்.

"விடு. அவருக்கு ஒரு ஆசை," என்றாள்.

அவருக்காகப் பேசுகிறவர்கள் எங்கள் சொந்தத்தில் இருக்கிறார்கள். சண்டைக்குள் எல்லாவற்றையும் இழந்து வந்த மனுசன், இனியும் இழக்கிறது என்றால் தாங்கமாட்டார், அதுதான் அப்படி என்பார்கள். அக்காவும் அதே பங்கருக்குள்தான் இருந்தாள். அதே வீட்டை விட்டுத்தான் வந்தாள். அவருடைய தாய்க்குக் கடைசிவரை சோறு ஊட்டினவளும் அவள்தான். எனக்கு அந்த விளக்கம் செரிக்கவில்லை.

அந்த வருடம் அத்தான் முதல்தடவையாக மைதானத்துக்கு வந்தார். நாற்பத்திநாலாம் இலக்க ஜேர்சியைச் சேட்டுக்கு மேலே போட்டிருந்தார். முதுகில் குடும்பப் பெயர். எங்களுக்குப் பின்வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த இரண்டு பெடியன்கள். அவர்கள் தமிழில் கதைப்பது காதில் விழுந்ததுமே அத்தான் திரும்பி, "நாப்பத்திநாலு என்ர மகன்," என்றார். அவர்கள் அசந்துபோய்விட்டார்கள். "சூப்பர் அங்கிள்" என்று கைகொடுத்து, அவரோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டம் முழுக்க நிரூபன் இறங்கியதே கொஞ்ச நேரம்தான். அவன் இறங்கும்போதெல்லாம் அத்தான் எழுந்து நின்று பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். முதல்தடவை அவன் ஓடி ஒருவனோடு மோதிய சத்தம் மேலே எங்கள்வரை கேட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது அத்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். அந்தக் கணத்தில் அவரும் ஒரு தகப்பனாகத்தான் தெரிந்தார். பிறகு கண்ணைத் திறந்தார், சுற்றியிருந்தவர்கள் கைதட்டுவதைக் கண்டார், "பாத்தீங்களா?" என்று பின்வரிசைக்குத் திரும்பினார். அத்தோடு அது முடிந்தது.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தது. எங்கள் அணி மூன்று புள்ளி முன்னுக்கு நின்றது. பந்தை உதைத்து மறுபக்கத்துக்கு அனுப்பினார்கள். எதிரணிக்காரன் பந்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவனுக்கு நேரே முதலில் போய்ச் சேர்ந்தது நிரூபன். பாய்ந்தான். மற்றவன் ஒரு காலை மட்டும் விலத்தினான். நிரூபனின் கைக்குள் காற்றுத்தான் வந்தது. பந்தோடு போனவனை அதற்குப் பிறகு ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. தோற்றுவிட்டோம்.

மைதானமே சத்தமில்லாமல் போனது. யாரோ பிரெஞ்சில் நாற்பத்திநாலைத் திட்டினார்கள். அத்தான் உட்கார்ந்தார். ஜேர்சியைத் தலைவழியாகக் கழற்றினார், மடித்தார், அக்காவின் கைப்பையை இழுத்து அதற்குள் திணித்தார்.

ஆட்டக்காரர்கள் வெளியே வரும் வாசலில் காத்துக்கொண்டு நின்றோம். ஒக்டோபர் மாதம், மலைப்பக்கத்திலிருந்து காற்று வந்தது. அத்தான் மெல்லிய சேட்டோடு கைகளைக் கட்டிக்கொண்டு எங்களிலிருந்து தள்ளி நின்றார். அந்த இரண்டு பெடியன்களும் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள். நல்ல பிள்ளைகள்.

"அங்கிள், மனசு கஷ்டப்படாதீங்க," என்றான் ஒருவன். "பையன் அவ்வளவு வேகமா வந்ததாலதான் முதல்ல ரீச் ஆனாரு. யாருக்கும் நடக்கிறதுதான்."

"எந்தப் பையன்?" என்றார் அத்தான்.

அவன் குழம்பிப்போனான். "உங்க பையன், அங்கிள். நாற்பத்திநாலு."

"இல்லைத் தம்பி. நீங்கள் பிழையா விளங்கிட்டீங்கள். அவர் எங்களுக்குத் தெரிஞ்ச பொடியன். அவ்வளவுதான்."

அவன் அத்தானுக்குப் பின்னால் பார்த்தான். நானும் பார்த்தேன். தலை ஈரம் காயாமல், தோளில் பையோடு, நிரூபன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. முகத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பெடியன் கையில் வைத்திருந்த தொப்பியை வாங்கி அதில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தான். பிறகு அக்காவிடம் வந்து, "போவம் அம்மா. பசிக்குது," என்று சொல்லி, அவள் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

மெட்றோவுக்கு இறங்கிப் போகும் தெருவில் அக்காவும் அவனும் முன்னால் நடந்தார்கள், நான் பின்னால். எனக்கும் பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், குளிருக்குக் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு அத்தான் வந்தார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. அவருடைய ஜேர்சி மகனின் தோளில் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்கவும் இல்லை.

அடுத்த கிழமை அணி நிரூபனை விட்டுவிட்டது. அத்தான் போனை எடுத்தார். "நான்தான் விடச் சொன்னனான். தொடக்கத்திலயே எனக்கு உது பிடிக்கேல்லை." பிறகு அணியில் இரண்டு பேருக்கு ஒரே நாளில் காயம் வந்தது, ஆள் இல்லாமல் அவனைத் திரும்ப எடுத்தார்கள். அதே ஒரு வரிதான் செய்தியிலும் வந்தது. இந்தமுறை பெயர் சரியாக இருந்தது. அத்தான் திரும்பவும் போனை எடுத்தார். "கெஞ்சிக் கூப்பிட்டவங்கள். நாங்களும் ஓம் எண்டிட்டம்."

இப்போது அவர் புரோசார்ட்டில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். அக்காவும் நிரூபனும் வில்லரேயில் இருக்கிறார்கள். அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். போன கோடையில் ஒரு கல்யாண வீட்டில் அத்தான் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "பொடியன்ர வேலைக்குக் கிட்ட எண்டு நான்தான் அவையளை அங்க இருக்கச் சொன்னனான்." அக்கா அவரை விட்டுவந்த கதையிலும் அவர்தான் வென்றிருக்கிறார்.

அக்கா ஏன் அவரை விட்டு வந்தாள் என்று நிறையப் பேர் என்னைக் கேட்கிறார்கள். மைதான வாசல்தான் காரணம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இல்லை. அதற்குப் பிறகும் அவள் அவருக்குச் சேட் அயர்ன் பண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

திரும்ப எடுத்தபிறகு வந்த கடைசி ஆட்டம். நானும் அக்காவும் மட்டும் போயிருந்தோம். பந்தை உதைத்தார்கள், நிரூபன் ஓடினான், இரண்டு பேர் பக்கவாட்டில் வந்து விழுந்தார்கள். மற்ற எல்லோரும் எழும்பினார்கள். அவன் எழும்பவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிருந்தது. அம்புலன்சில் கொண்டுபோனார்கள். உடனேயே ஒப்பரேசன் என்றார்கள்.

அத்தான் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை என்று சொல்லமுடியாது. இரண்டொரு நாள் கழித்து அணியின் ஆட்கள் பூங்கொத்தோடும் கமெராவோடும் வந்தார்கள். அந்த நேரத்துக்கு அவர் அயர்ன் பண்ணின சேட்டோடு கட்டிலின் தலைமாட்டில் நின்றார். அந்தப் படம் வெளியே வந்தது. நான் சொல்ல வந்தது முதல்நாளைப் பற்றி.

அவனை உள்ளே கொண்டுபோனபிறகு, வராந்தாவில் நின்று நான்தான் அவருக்குப் போன் பண்ணினேன். அக்காவால் இலக்கத்தை அழுத்த முடியவில்லை.

"அத்தான், நிரூபனுக்குக் கால் முறிஞ்சிட்டுது."

"ரீவியில பாத்தனான். அவன் கால் வைச்ச விதம் பிழை."

"ஒப்பரேசனுக்குக் கொண்டு போயிட்டினம். நீங்கள் வெளிக்கிட்டு வாங்கோ."

பின்னால் தொலைக்காட்சி போய்க்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்.

"அங்க இப்ப ஆர் ஆர் நிக்கினம்?"

முதலில் எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. பயந்துபோய்க் கேட்கிறார், அக்காவுக்குத் துணை இருக்கிறதா என்று கேட்கிறார் என்று நினைத்தேன்.

"ஒருத்தரும் இல்லை அத்தான். அக்காவும் நானும்தான்."

"டீம்காரர் ஒருத்தரும் வரேல்லையோ?"

"இல்லை."

"அப்ப சரி. நான் பிறகு வாறன், சாந்தி."

நான் போனை இறக்கினேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னவாம்?" என்று கேட்டாள். அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, அதன் ஜிப்பை இழுத்துத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

சாப்பாட்டு வண்டிகள் வந்துபோகும் நேரத்தில் அவனை அறைக்குக் கொண்டுவந்தார்கள். முகம் வெளுத்துப்போயிருந்தது. கால் தலையணைகளுக்கு மேலே உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. மயக்கம் தெளியத் தெளியக் கண்களால் அறையைச் சுற்றிப் பார்த்தான். என்னைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், கதவைப் பார்த்தான்.

"அப்பா வந்தவரோ?"

இந்தக் கேள்விக்கு அக்காவிடம் எத்தனை பதில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்லை அப்பன்," என்றாள் அக்கா. "சாந்தி கூப்பிட்டவள். ஆர் ஆர் நிக்கினம் எண்டு கேட்டவர். நாங்கள் ரெண்டு பேரும்தான் எண்டு தெரிஞ்ச உடன பிறகு வாறன் எண்டிட்டார்."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கண்ணோரத்தால் வழிந்த நீர் காதுக்குள் போனது. துடைக்கவில்லை. தாதி வந்து சேலைன் போத்தலைச் சரிபார்த்து, பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவன் பிரெஞ்சிலேயே நோவில்லை என்று சொன்னான். அவள் போனபிறகு முகத்தைத் தாயின் பக்கம் திருப்பினான்.

"கதிரையைக் கிட்ட இழுத்துப் போடுங்கோ, அம்மா," என்றான்.